‘ஸ்டாப்’ அழுத்தியும் ஏன் நிற்கவில்லை? டெஸ்க்டாப் செயலிக்குள் ஓடும் டெர்மினல் கட்டளைகளை நிறுத்துவது எப்படி?

மாரிக்குப்பத்தில் இருந்து காலையில் பெங்களூரு கிளம்பும் ரயிலில் ஏறினால், தங்கவயல் இன்று எதை நம்பிப் பிழைக்கிறது என்பது புரிந்துவிடும். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, வேலைக்காகத் தினமும் பெங்களூரு போய்வருவது இந்த ஊரின் வாழ்க்கையாகிவிட்டது. தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர், பேரன் ஒயிட்ஃபீல்டில் கோட் எழுதுகிறவர் என்பது இங்கே சகஜம். சீட் கிடைத்தவர்கள் தூங்குவார்கள், இல்லையென்றால் லேப்டாப்பைத் திறப்பார்கள்.

ஒரு தரவுக் கட்டுரைக்காகத் தங்கவயல் போய்விட்டுத் திரும்பும்போது நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். ஸ்கேன் செய்த சில நூறு பக்கங்களை எழுத்தாக மாற்றும் ஒரு இலவசச் செயலியை ஓட விட்டிருந்தேன். பங்காரப்பேட்டை வந்தபோதுதான் தப்பான ஃபோல்டரைக் கொடுத்துவிட்டது தெரிந்தது. பதறிப்போய் ‘ஸ்டாப்’ அழுத்தினேன். ‘நிறுத்தப்பட்டது’ என்று திரையில் வந்தது. நிம்மதியாக ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

மாலூர் வந்தும் லேப்டாப் ஃபேன் அடங்கவில்லை. பேட்டரி பாதிக்குக் கீழே போயிருந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், அந்த மாற்றும் புரோகிராமின் நான்கு பிரதிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. முந்தைய நாள் ராத்திரி நான் கையால் திருத்தி வைத்திருந்த கோப்புகளின் மேலேயே அவை புதிதாக எழுதிக்கொண்டிருந்தன.

செயலி நின்றுவிட்டது, ஆனால் அது ஆரம்பித்து வைத்த வேலை நிற்கவில்லை. இது ஏன் நடக்கிறது, எப்படிச் சரியாக நிறுத்துவது?

டெஸ்க்டாப் செயலிக்குள் டெர்மினல் எங்கிருந்து வந்தது?

நாம் பயன்படுத்தும் பல டெஸ்க்டாப் செயலிகள் வெளியே அழகான ஜன்னல், உள்ளே பழைய கட்டளை. வீடியோவை மாற்றும் செயலியின் ‘கன்வெர்ட்’ பட்டனை அழுத்தினால், பின்னணியில் பெரும்பாலும் எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவரிப் புரோகிராம்தான் ஓடும். கோட் எடிட்டரில் ‘ரன்’ அழுத்தினால் பைத்தானோ நோட் ஜேஎஸ்ஸோ தனி ப்ராசஸாகக் கிளம்பும்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் செயலியை ஒரே கோடில் எழுத இன்று பலர் தேர்ந்தெடுப்பது எலக்ட்ரான். கிட்ஹப் நிறுவனத்தின் ஆட்டம் எடிட்டருக்காக 2013-இல் ‘ஆட்டம் ஷெல்’ என்ற பெயரில் தொடங்கி, 2015-இல் எலக்ட்ரான் ஆனது. விஎஸ் கோட், ஸ்லாக், டிஸ்கார்ட், பெங்களூருவில் பிறந்த போஸ்ட்மேன் எல்லாமே இதன் மேல் கட்டப்பட்டவை. ரஸ்ட் மொழியை அடிப்படையாகக் கொண்ட டௌரி இதே வேலைக்கான இன்னொரு கருவி.

எலக்ட்ரானுக்கு முன்பே இதைச் செய்தவர்களும் உண்டு. இந்தியரான கோவிட் கோயல் 2006-இல் தொடங்கிய காலிபர் என்ற மின்னூல் செயலி மூன்று இயங்குதளங்களிலும் ஓடுகிறது. அதில் ஒரு புத்தகத்தை வேறு வடிவத்துக்கு மாற்றச் சொன்னால், அந்த வேலை பின்னணியில் தனி ப்ராசஸாக ஓடும். ‘ஜாப்ஸ்’ பட்டியலைத் திறந்து, வேண்டாத வேலையை மட்டும் நிறுத்தலாம். ஜன்னல் உறையாது, மற்ற வேலைகளும் கெடாது.

பார்க்க எளிமையான அந்த ‘நிறுத்து’ வசதிக்குப் பின்னால் நிறைய வேலை இருக்கிறது.

நிறுத்து என்று சொன்னால் கணினி என்ன செய்கிறது?

லினக்ஸ், மேக் இரண்டும் யூனிக்ஸ் வழி வந்தவை. அங்கே ஒரு ப்ராசஸுக்குச் செய்தி சொல்லும் வழி ‘சிக்னல்’. ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு எண் உண்டு. நமக்கு முக்கியமானவை மூன்று:

• சிக்-இன்ட் (எண் 2): டெர்மினலில் கண்ட்ரோல்+சி அழுத்தும்போது போவது. ‘பயனர் குறுக்கிடுகிறார்’ என்று அர்த்தம்.

• சிக்-டெர்ம் (எண் 15): ‘தயவுசெய்து முடித்துக்கொள்’ என்ற கோரிக்கை. பெரும்பாலான கருவிகள் முதலில் அனுப்புவது இதைத்தான்.

• சிக்-கில் (எண் 9): கோரிக்கை எல்லாம் கிடையாது. அந்த ப்ராசஸுக்குத் தெரியாமலேயே கெர்னல் அதை முடித்துவிடும்.

முதல் இரண்டையும் ஒரு புரோகிராம் காதில் வாங்கலாம், எழுதிக்கொண்டிருந்த கோப்பை மூடிவிட்டுப் போகலாம், அல்லது கண்டுகொள்ளாமலும் இருக்கலாம். மூன்றாவதைத் தடுக்க முடியாது.

நோட் ஜேஎஸ்ஸில் குழந்தை ப்ராசஸை நிறுத்தும் கட்டளையின் பெயரே ‘கில்’தான். ஆனால் வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் அது அனுப்புவது சிக்-டெர்ம், அதாவது வேண்டுகோள் மட்டும். அதன்பின் அந்த ப்ராசஸில் ‘கில்ட்’ என்ற அடையாளம் ‘ஆம்’ என்று மாறும். இதற்கு ‘சிக்னல் அனுப்பியாகிவிட்டது’ என்று மட்டுமே பொருள். ‘ப்ராசஸ் முடிந்துவிட்டது’ என்று பொருள் இல்லை. இந்த அடையாளத்தை மட்டும் பார்த்து ‘நிறுத்தப்பட்டது’ என்று திரையில் காட்டும் செயலி, அறியாமல் பொய் சொல்கிறது.

சிக்னல் போயும் ஏன் நிற்கவில்லை?

பொதுவான காரணம் இது: செயலி அப்பாவை நிறுத்துகிறது, பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள்.

செயலி ஒரு கட்டளையை நேராக ஓட்டாமல் ‘ஷெல்’ வழியாக ஓட்டுவது வழக்கம். அப்போது செயலிக்குக் குழந்தை ஷெல். ஷெல்லுக்குக் குழந்தை உண்மையான புரோகிராம். அந்தப் புரோகிராம் வேலையைப் பங்கு போட நான்கு ப்ராசஸ்களைக் கிளப்பினால், அவை கொள்ளுப் பேரன்கள். செயலி கையில் இருக்கும் எண் ஷெல்லுடையது மட்டும். அதற்கு சிக்னல் அனுப்பினால் ஷெல் போய்விடும், கீழே இருப்பவர்களுக்குச் செய்தியே போகாது. அனாதையான அந்த ப்ராசஸ்களை வழக்கமாக இயங்குதளத்தின் முதல் ப்ராசஸ் தத்தெடுத்துக்கொள்ளும். அவை பாட்டுக்கு ஓடும்.

என் லேப்டாப்பில் மாலூர் வரை ஓடியதும் இந்தக் கொள்ளுப் பேரன்கள்தான்.

இதற்கு யூனிக்ஸ் வைத்திருக்கும் தீர்வு ‘ப்ராசஸ் குரூப்’. ஒரு கட்டளையையும் அது பெற்றெடுக்கும் எல்லாவற்றையும் ஒரே குழுவாகக் கட்டிவைத்து, குழு எண்ணுக்கு சிக்னல் அனுப்பினால் எல்லோருக்கும் போகும். நோட் ஜேஎஸ்ஸில் ‘டிடாச்ட்’ என்ற தேர்வுடன் கட்டளையைத் தொடங்கினால் அது தன் குழுவுக்குத் தலைவனாகிவிடும். பிறகு அதன் எண்ணுக்கு முன்னால் ஒரு மைனஸ் குறி போட்டு சிக்னல் அனுப்பினால், முழுக் குழுவுக்கும் என்று அர்த்தம்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தனிக் குழுவாகப் பிரித்து வைத்த கட்டளை, செயலியே திடீரென்று க்ராஷ் ஆனால் பின்னால் தங்கிவிடலாம். லினக்ஸில் ‘பெற்றோர் இறந்தால் எனக்கும் சிக்னல் அனுப்பு’ என்று கெர்னலிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். மேக்கில் அந்த வசதி இல்லை. அதனால் அடுத்த முறை செயலி திறக்கும்போது பழைய பாக்கி ஏதாவது ஓடுகிறதா என்று பார்ப்பது நல்லது.

விண்டோஸில் மட்டும் ஏன் வேறு கதை?

ஏனென்றால் விண்டோஸில் யூனிக்ஸ் பாணி சிக்னல்களே கிடையாது. நோட் ஜேஎஸ்ஸில் சிக்-இன்ட், சிக்-டெர்ம், சிக்-கில் எதை அனுப்பினாலும் விண்டோஸில் நடப்பது ஒன்றுதான்: ப்ராசஸ் உடனடியாக, பலவந்தமாக முடிக்கப்படும். மேக்கில் பணிவான வேண்டுகோளாக இருக்கும் அதே வரி, விண்டோஸில் தலையில் போடும் அடி. மேக்கில் மட்டும் சோதித்துவிட்டு ‘எல்லா இடத்திலும் ஓடும்’ என்று வெளியிடும் செயலிகள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அந்த அடியும் ஒரு ப்ராசஸுக்கு மட்டும்தான் விழும், அதன் பிள்ளைகளுக்கு விழாது. எனவே விண்டோஸில் இரண்டு வழிகள்:

ஒன்று, விண்டோஸிலேயே இருக்கும் ‘டாஸ்க்கில்’ கட்டளை. மரம் முழுவதையும் முடி என்பதற்கு ‘டி’, கட்டாயமாக முடி என்பதற்கு ‘எஃப்’ என்று இரண்டு தேர்வுகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சுலபம்தான். ஆனால் நடுவில் ஒரு ப்ராசஸ் ஏற்கெனவே முடிந்திருந்தால் சங்கிலி அறுந்து, அதற்குக் கீழே இருப்பவை தப்பிவிடலாம்.

இரண்டு, விண்டோஸ் 2000 காலத்தில் இருந்தே இருக்கும் ‘ஜாப் ஆப்ஜெக்ட்’. கட்டளையை ஒரு ஜாப்புக்குள் போட்டுவிட்டால், அது பெற்றெடுப்பவையும் பொதுவாக அதே ஜாப்புக்குள் வந்துவிடும். ‘ஜாப் மூடினால் எல்லோரையும் முடி’ என்று அமைத்து வைத்தால், செயலி க்ராஷ் ஆனாலும் உள்ளே இருப்பவை முடிக்கப்படும். எழுதக் கொஞ்சம் கஷ்டம், ஆனால் நம்பகமான வழி இதுதான்.

கண்ட்ரோல்+சி அழுத்துவதும் ஸ்டாப் பட்டனும் ஒன்றா?

இல்லை. கண்ட்ரோல்+சி உண்மையில் ஒரு எழுத்து. ஆஸ்கி அட்டவணையில் அதன் எண் 3. அதைப் படித்து, ‘ஓ, குறுக்கிடச் சொல்கிறார்’ என்று புரிந்துகொண்டு, முன்னணியில் ஓடும் குழு முழுவதற்கும் சிக்-இன்ட் அனுப்புவது டெர்மினலை நிர்வகிக்கும் கெர்னல் பகுதி. நிஜ டெர்மினலில் கண்ட்ரோல்+சி நன்றாக வேலை செய்வதற்குக் காரணம், அது குழுவுக்கே போவதுதான்.

சாதாரணமாகச் செயலிகள் கட்டளையை ஒரு ‘பைப்’ வழியாக ஓட்டுகின்றன. பைப்புக்குள் அந்த 3-ஆம் எழுத்தை அனுப்பினால் ஒன்றும் நடக்காது. அது வெறும் எழுத்தாகவே போய்ச் சேரும். அதற்கு நடுவில் ஒரு போலி டெர்மினல் தேவை. அதைச் சுருக்கமாக ‘பிடிஒய்’ என்பார்கள். விஎஸ் கோடுக்குள் இருக்கும் டெர்மினல் ‘நோட்-பிடிஒய்’ என்ற நூலகம் மூலம் இதைத்தான் செய்கிறது. விண்டோஸில் இதற்கான முறையான வசதி ‘கான்பிடிஒய்’ என்ற பெயரில் 2018-இல், விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில்தான் வந்தது.

விண்டோஸில் கண்ட்ரோல்+சி அழுத்தியதும் ‘பேட்ச் ஜாப்பை முடிக்கலாமா?’ என்று ஒரு கேள்வி வருவதைப் பார்த்திருப்பீர்கள். பேட்ச் கோப்பு வழியாக ஒரு கட்டளை ஓடும்போது ஷெல் கேட்கும் கேள்வி அது. செயலிக்குள் அந்தக் கேள்வி யார் கண்ணுக்கும் தெரியாமல் தொங்கினால், ‘நிறுத்துகிறது…’ என்றே சுற்றிக்கொண்டிருக்கும்.

அப்போ நேரா சிக்-கில் அனுப்பிட்டா போச்சே?

பலருக்குத் தோன்றும் கேள்வி. அதில் நஷ்டம் இருக்கிறது.

எம்பி4 வீடியோ ஒன்றை எஃப்எஃப்எம்பெக் எழுதிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தப் படச்சட்டம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையை அது வழக்கமாகக் கடைசியில்தான் எழுதும். நடுவில் கொன்றுவிட்டால் ஒரு ஜிபி அளவு கோப்பு டிஸ்க்கில் இருக்கும், எந்த பிளேயரிலும் ஓடாது. அதே எஃப்எஃப்எம்பெக்குக்கு ‘க்யூ’ என்ற எழுத்தை அனுப்பினால், அதுவரை மாற்றிய பகுதியை முறையாக மூடிவிட்டு நிற்கும். அந்தப் பகுதியைப் பார்க்கலாம். விண்டோஸில் சிக்னல் இல்லாத குறையை இந்த ஒரு எழுத்து தீர்த்துவைக்கிறது.

கிட் கட்டளையை நடுவில் கொன்றால் பூட்டுக் கோப்பு பின்தங்கி, ‘வேறொரு கிட் ஓடுகிறது’ என்று அடுத்த கட்டளை மறுக்கலாம். பேக்கேஜ் நிறுவலை நடுவில் கொன்றால் பாதி நிறுவிய நிலையில் நிற்கும்.

தங்கவயல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. சுரங்கம் மூடியபோது நீர் இறைப்பதும் நின்றது. குழிகளில் நிலத்தடி நீர் ஏறியது. சயனைடு மேடுகள் ஊர் நடுவிலேயே தங்கிவிட்டன, காற்று வீசினால் இன்றும் தூசி வீட்டுக்குள் வருகிறது. வேலையை நிறுத்துவது ஒன்று, சுத்தம் செய்துவிட்டு நிறுத்துவது வேறு.

தாமதமாக நிறுத்தினால் என்ன ஆகும்?

2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது இதற்கு உலகம் அறிந்த உதாரணம். தரவுத்தளத்தின் நகலில் ஒரு பிரச்னையைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவர், நகல் சர்வர் என்று நினைத்து மூல சர்வரிலேயே ஃபோல்டரை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் தவறு புரிந்து நிறுத்தியும்விட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் மிஞ்சியது ஏறத்தாழ 4.5 ஜிபி.

பேக்கப் வழிகள் பலவும் கைகொடுக்கவில்லை. 6 மணி நேரம் பழைய ஒரு நகலில் இருந்துதான் மீட்டார்கள். இடைப்பட்ட நேரத்தில் சுமார் 5,000 புராஜெக்ட்டுகள், 5,000 கருத்துகள், 700 புதிய கணக்குகள் தொடர்பான தரவு போனது. நடந்ததை கிட்லேப் வெளிப்படையாகவே எழுதியது. நிறுத்தும் கட்டளை சரியாக வேலை செய்தும் இந்த நிலை. அழிக்கும் வேலைக்கு ‘ஸ்டாப்’ ஒரு பாதுகாப்பு அல்ல, ஓட்டுவதற்கு முன் கேட்கும் ‘உறுதியா?’தான் பாதுகாப்பு.

ஏஐ உதவியாளர்கள் வந்த பிறகு இது ஏன் இன்னும் முக்கியம்?

இதுவரை கட்டளை கொடுத்தது மனிதர். இப்போது கோட் எழுதும் ஏஐ ஏஜென்ட்டுகள் உங்கள் டெர்மினலில் தாங்களே கட்டளைகளை ஓட்டுகின்றன. ஒரு சர்வரைக் கிளப்புகின்றன, டெஸ்ட் ஓட்டுகின்றன, பேக்கேஜ் இறக்குகின்றன. நீங்கள் ‘ஸ்டாப்’ அழுத்தும்போது இரண்டு விஷயங்கள் நிற்க வேண்டும்: ஏஐ எழுதிக்கொண்டிருக்கும் பதில், அது ஏற்கெனவே ஓட விட்ட கட்டளை. முதலாவது நின்றதும் இரண்டாவதும் நின்றுவிட்டதாக நாம் நம்பிவிடுகிறோம்.

2025 ஜூலையில், ரெப்லிட்டின் ஏஐ ஏஜென்ட், மாற்றம் எதுவும் செய்யக்கூடாது என்று சொல்லப்பட்டிருந்த நிலையிலும் ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவோரின் தரவுத்தளத்தை அழித்தது பெரிய செய்தியானது. ரெப்லிட்டின் தலைமைச் செயல் அதிகாரி மன்னிப்புக் கேட்டார். ஒவ்வொரு கட்டளைக்கும் அனுமதி கேட்கும் அமைப்பு தொல்லையாகத் தெரியலாம். அதை அணைப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

செயலி எழுதுபவர்கள் செய்ய வேண்டியது என்ன?

1. தொடங்கும்போதே கட்டி வையுங்கள். லினக்ஸ், மேக்கில் ப்ராசஸ் குரூப். விண்டோஸில் ஜாப் ஆப்ஜெக்ட். முடிந்தால் ஷெல்லைத் தவிர்த்து நேரடியாகப் புரோகிராமை ஓட்டுங்கள்.

2. முதலில் கேளுங்கள். புரோகிராமுக்குச் சொந்தமான நிறுத்தும் வழி இருந்தால் அதையும், இல்லையென்றால் சிக்-டெர்மையும் குழு முழுவதற்கும் அனுப்புங்கள்.

3. காத்திருங்கள். வழக்கமாக டாக்கர் 10 நொடி, குபெர்னெட்டீஸ் 30 நொடி, சிஸ்டம்டி 90 நொடி காத்திருக்கின்றன. டெஸ்க்டாப் செயலிக்குச் சில நொடிகள் போதும்.

4. பிறகு கட்டாயப்படுத்துங்கள். அப்போதும் நிற்காவிட்டால் முழுக் குழுவுக்கும் சிக்-கில், விண்டோஸில் ஜாப்பையே முடிப்பது.

5. நின்றதை உறுதி செய்த பிறகே சொல்லுங்கள். அதுவரை திரையில் ‘நிறுத்துகிறது’ என்றே இருக்கட்டும். நோட் ஜேஎஸ்ஸில் ‘எக்ஸிட்’ வந்தும் ‘க்ளோஸ்’ வரவில்லை என்றால், ஏதோ ஒரு பேரன் இன்னும் பைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

6. மூல கோப்பின் மேல் எழுதாதீர்கள். தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் பெயரை மாற்றுங்கள். நடுவில் நின்றாலும் பழையது பத்திரமாக இருக்கும்.

7. செயலியை மூடும்போதும் இதே வரிசை. ஜன்னல் போய், கட்டளை மட்டும் ஓடுவதைப் பயனரால் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

எப்படி நின்றது என்பதை முடிவு எண் காட்டிக்கொடுக்கும். ஷெல்லில் 128-உடன் சிக்னல் எண்ணைக் கூட்டினால் வருவது அது. 130 என்றால் கண்ட்ரோல்+சி, 143 என்றால் சிக்-டெர்ம், 137 என்றால் சிக்-கில். லாகில் 137 அடிக்கடி வருகிறதா? உங்கள் கட்டளை வேண்டுகோளைக் கேட்பதில்லை, அல்லது மெமரி தீர்ந்து கெர்னலே அதைக் கொல்கிறது.

பயன்படுத்துபவர் என்ன செய்யலாம்?

‘ஸ்டாப்’ அழுத்திய பிறகும் ஃபேன் சத்தம் அடங்கவில்லையா, டேட்டா ஓடிக்கொண்டே இருக்கிறதா? சந்தேகப்படுங்கள்.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் ‘டீடெய்ல்ஸ்’ பகுதிக்குப் போய், அந்த ப்ராசஸின் மேல் வலது க்ளிக் செய்து, முழு மரத்தையும் முடிக்கும் தேர்வைக் கொடுங்கள். மேக்கில் ‘ஆக்டிவிட்டி மானிட்டர்’ திறந்து முதலில் ‘க்விட்’, கேட்காவிட்டால் ‘ஃபோர்ஸ் க்விட்’. லினக்ஸில் ‘சிஸ்டம் மானிட்டர்’ அல்லது டெர்மினலில் ‘கில்’. பழைய குறிப்பில் இருக்கும் ப்ராசஸ் எண்ணை நம்பி எதையும் முடிக்காதீர்கள். முடிந்த ப்ராசஸின் எண்ணை கணினி வேறொன்றுக்குக் கொடுத்திருக்கலாம். பெயரையும் பார்த்துவிட்டு முடியுங்கள்.

லினக்ஸில் ஒரு ப்ராசஸின் நிலை ‘டி’ என்று காட்டினால், அது டிஸ்க்குக்கோ நெட்வொர்க் டிரைவுக்கோ காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பு முடியும் வரை சிக்-கில்லுக்கும் அசையாமல் இருக்கலாம். ‘இசட்’ என்று காட்டினால் அது ஏற்கெனவே இறந்த ஸோம்பி. கொல்ல ஒன்றுமில்லை, பெற்றோர் ப்ராசஸை மூடினால் போதும்.

சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுக்கு மணிச் சைகை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மணி அடித்தால் ‘நில்’. மணி அடித்தவுடன் கூண்டு நின்றுவிட்டதாக யாரும் காலை வெளியே வைக்க மாட்டார்கள், நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள். திரையில் ‘நிறுத்தப்பட்டது’ என்று வந்தாலும் அப்படியே. நான் அன்று மாலூரில் இழந்தது ஒரு ராத்திரி வேலை. இப்போதெல்லாம் ‘ஸ்டாப்’ அழுத்திவிட்டு, ப்ராசஸ் பட்டியலை ஒரு தடவை பார்த்த பிறகுதான் ஜன்னல் பக்கம் திரும்புகிறேன்.